திரும்பி வரவிருக்கும் பூமராங்

1988 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை காலை, ஏழு பூமராங்குகள் அடங்கிய மரப்பெட்டி ஒன்றைச் சித்தலங்குடி அருங்காட்சியகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் தற்காலிகக் காப்பாளர் தணிகாசலம். ஒன்பது வருடமாக அவர் தற்காலிகம். வெள்ளிக்கிழமை இயக்குநர் வருகிறார். காட்சி ஒழுங்காக இருந்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

பெட்டிக்குள் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கடிதம். இவை அங்குள்ள பழங்குடியினர் கையால் செதுக்கியவை. இலேசான ஒன்று மட்டும் எறிந்தவரிடமே திரும்பி வரும். கனமானவை வேட்டைக்கு, அவை திரும்பா. காவியும் வெள்ளையும் கொண்டு உடும்பு வரைந்த இரண்டும் எறிவதற்கல்ல, பார்ப்பதற்கு.

உடும்பு இரண்டையும் தணிகாசலம் உடனே சுவரில் மாட்டினார். பார்ப்பதற்கு என்று கடிதம் சொல்கிறது. யாரும் வராத நாளில் என்ன செய்வது? எழுத்தர் நாகப்பெருமாள் எதிரில் நாற்காலி போட்டுப் பத்து மணி முதல் ஐந்து மணி வரை பார்த்துக்கொண்டிருக்க ஏற்பாடாயிற்று.

மீதி ஐந்தில்தான் சிக்கல்.

“எனக்கு எல்லாம் இலேசாத்தான் இருக்கு,” என்றார் காவலாளி வீரபாகு, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து.

“எனக்கு எல்லாமே கனம்,” என்றார் நாகப்பெருமாள், உடும்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அப்ப எறிஞ்சே பாத்துருவோம்,” என்று தீர்ப்புச் சொன்னார் தணிகாசலம். “வந்தா இலேசு. வராட்டி கனம்.”

கட்டடத்துக்குப் பின்னால் ஏரி. வீரபாகு முதல் பூமராங்கை எறிந்தார். அது தண்ணீரில் விழுந்தது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, ‘வேட்டைக்கு’ என்று அட்டை எழுதினார் தணிகாசலம். இரண்டாவது இன்னும் தூரம் போய் விழுந்தது. “உயர்ந்த ரக வேட்டை,” என்றார். மூன்றும் நான்கும் அப்படியே. வேலை இவ்வளவு சுத்தமாக முடியும் என்று அவரே நினைக்கவில்லை.

“நாலும் வேட்டைன்னா அஞ்சாவதுதானே திரும்புறது? இதை எறிய வேண்டாமே,” என்றார் வீரபாகு.

“திரும்பி வரப்போறதை எறியறதுல என்னய்யா நட்டம்?”

ஐந்தாவதும் ஏரியில் விழுந்தது. அதற்கு ‘திரும்பி வரும்’ என்று அட்டை எழுதினார் தணிகாசலம். வீரபாகு சாப்பிடக் கிளம்பினார்.

“நில்லும். எறிஞ்சவன்கிட்டதான் வரும்னு எழுதியிருக்கு. நீர் வீட்டுக்குப் போனா அது சோத்துப் பானையில வந்து விழும்.”

வீரபாகு கரையிலேயே நின்றார். சோறு கரைக்கு வந்தது.

வியாழக்கிழமை, வலை போட வந்த செல்லக்கண்ணு ஐந்தையும் கூடையில் கொண்டுவந்து வைத்தார். “உங்க சாமானுங்களா?”

தணிகாசலம் கூடையை வாசல் பக்கம் தள்ளினார். “நாலு திரும்பாதவை, அண்ணாச்சி. அட்டை எழுதியாச்சு. உள்ள வந்தா என் வேலை போயிரும்.”

“அஞ்சாவது?”

“அது தானா வரணும். நாய் வீட்டுக்குத் திரும்புறது வேற, கயித்தைக் கட்டி இழுத்துட்டு வர்றது வேற. எடுத்த இடத்துலயே போட்டுருங்க.”

செல்லக்கண்ணுவும் சித்தலங்குடிக்காரர்தான். எடுத்த இடத்திலேயே போட்டார், ஒன்றுகூட இடம் மாறாமல்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் காலி மேசையையும் ஐந்து அட்டைகளையும் வெகுநேரம் பார்த்தார்.

“நாலு திரும்பாதுங்கய்யா. ஒண்ணு வந்துட்டிருக்கு,” என்றார் தணிகாசலம்.

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“கடிதத்துல போடலைங்க.”

“பெட்டி அங்கிருந்து வர எத்தனை மாசம் ஆச்சு?”

“நாலு.”

“அப்ப போய்த் திரும்ப எட்டு,” என்று கணக்குப் போட்டார் இயக்குநர். ஐந்தாவது பூமராங் திரும்பும் நாளிலிருந்து தணிகாசலத்தின் பணி நிரந்தரம் என்று அங்கேயே உத்தரவு எழுதி, கரையில் நின்ற வீரபாகுவுக்கு ஒரு குடையும் அனுமதித்தார்.

எட்டு வருடம் கழித்து வீரபாகு ஓய்வு பெற்று, மகள் வாழும் அரசங்காட்டுக்குக் குடிபோனார். எறிந்தவர் அங்கே இருக்கும்போது இங்கே காத்திருப்பது முறையல்ல என்று தணிகாசலம் மேலிடத்துக்கு எழுதினார்.

1996 ஆகஸ்டு 14 அன்று சித்தலங்குடி அருங்காட்சியகம், அரசங்காட்டில் வீரபாகுவின் மருமகனுடைய மாட்டுக் கொட்டகைக்கு மாற்றப்பட்டது.