ஆடிக்குப் போன கதாநாயகி

கோடம்பாக்கத்தில் வைரக்கண்ணு என்று ஒரு டைரக்டர் இருந்தார். டைரக்டர் என்று அவர்தான் சொல்லிக்கொண்டார். அவர் எடுத்த மூன்று படங்களில் ஒன்றுகூட மறுநாள் காலைக் காட்சியைப் பார்த்ததில்லை. வந்தவாசியில் அவருடைய மச்சான் குடைக்கடையில் அவருக்கென்று ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு வைத்திருந்தார்கள். இந்தப் படமும் கவிழ்ந்தால் தை மாதம் முதல் அதில் உட்கார்ந்து குடை விற்பதாகப் பெண்டாட்டி தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தார். குடையைக் கண்டாலே அவர் எதிர்ப்பக்கம் நடையைக் கட்டிவிடுவார்.

எந்த நடிகரும் கால்ஷீட் தராததால், பொம்மைகளை வைத்து ஒரு கில்மா படம் எடுத்துவிடுவது என்று இறங்கினார். விநியோகஸ்தர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "முதலிரவு சீன் பதினஞ்சு நிமிஷம் வேணும். 'ஏ' சர்டிபிகேட்டோட வா, வாங்கிக்கிறேன். 'யூ'ன்னு வந்தே, என் வாசப்படி மிதிக்காதே."

கதாநாயகன் சோமு, கதாநாயகி ரஞ்சனி. இரண்டும் பஞ்சு அடைத்த துணிப் பொம்மைகள். முதுகு வழியாகக் கையை விட்டு ஆட்ட வேண்டும். சோமுவுக்குள் ஏகாம்பரம் கை, ரஞ்சனிக்குள் மாசிலாமணி கை. இருவருக்கும் ஐம்பது வயது, முரட்டு மீசை. கேமராவுக்கு தைரியநாதன். மூன்று பேரையும் சேர்த்துப் பிழிந்தாலும் ஒரு சொட்டு புத்தி வராது என்பது வைரக்கண்ணுவின் அபிப்பிராயம். தன்னைப் பற்றி அவருக்கு ரொம்ப நல்ல அபிப்பிராயம்.

ஒத்திகையில் சோமு ரஞ்சனியின் இடுப்பில் கை வைத்தான். மாசிலாமணி வெடுக்கென்று நகர்ந்துகொண்டார்.

"ஏன்யா?"

"கல்யாணம் ஆகாத பொண்ணு சார்."

"அது பொம்மைய்யா!"

"பொம்மைன்னா மானம் கிடையாதா சார்? எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு."

"சோமுவும் தாலி கட்டாம தொட மாட்டான் சார்," என்றார் ஏகாம்பரம். "அவன் அப்படி வளரலை."

போன மாதம் தைத்த பொம்மை எங்கே வளர்ந்தது என்று வைரக்கண்ணு கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டால் போச்சு என்று தலையாட்டிவிட்டார். அங்கேதான் தப்புப் பண்ணினார் மனுஷன்.

ஜாதகம் பார்த்தார்கள். ஆனி மாதக் கடைசி முகூர்த்தம் குறித்தார்கள். ரஞ்சனியைத் தைத்த டெய்லர் ரத்தினசாமி பெண்ணுக்கு அப்பா. மாப்பிள்ளை வீட்டுக்கு வேறு ஆள் இல்லாததால் வைரக்கண்ணு பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். தாலி ஏறும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சமாளித்தார்.

மறுநாள் காலை லைட்டைப் போட்டுவிட்டு "ஸ்டார்ட்" சொல்ல வாயைத் திறந்தார். ரத்தினசாமி பழத்தட்டோடு வந்து நின்றார்.

"ஆடி பொறந்துடுச்சு சம்பந்தி. பொண்ணைக் கூட்டிட்டுப் போறோம்."

"யோவ், ஷூட்டிங் இருக்கு! பொம்மையை எங்கேய்யா கொண்டு போறே?"

"நேத்து வரைக்கும் பொம்மை. இப்ப எங்க வீட்டுப் பொண்ணு. ஆடியில சேர்த்து வெச்சா சித்திரை வெயில்ல பிள்ளை பொறக்கும். நீங்களா விசிறுவீங்க?"

"நான் விசிற முடியாது சார்," என்றார் தைரியநாதன். "கேமராவைப் பிடிக்கணும்."

ரஞ்சனி பையில் ஏறிப் போய்விட்டாள். ஒரு மாதம் ஷூட்டிங் இல்லை. சோமு தோள் தையல் விட்டுப் பஞ்சு உதிர்ந்து இளைத்துப் போனான். "பொண்டாட்டி ஏக்கம்," என்றார் ஏகாம்பரம். வைரக்கண்ணு முதலில் திட்டினார். பத்தாம் நாள், யாருக்கும் தெரியாமல் சோமுவை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, மாமனார் வீட்டு விருந்துக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார்.

ஆவணி ஒன்றாம் தேதி பெண் வந்தாள். காலை பத்தரை மணிக்கு முதலிரவு. மல்லிகைப்பூ, பால் சொம்பு, பழம், எல்லாம் தயார். எல்லோரும் தயார். ஆனால் மாசிலாமணி அசையவில்லை.

"புருஷன் பொண்டாட்டி தனியா இருக்கிற ரூமுல நமக்கு என்ன சார் வேலை?"

யோசிக்க யோசிக்க வைரக்கண்ணுவுக்கும் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் அவர் மாப்பிள்ளையைப் பெற்றவர் இல்லையா? "கையை எடுங்கய்யா. வெளியே வாங்க," என்றார். பொம்மைகளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு நால்வரும் வெளியே வந்தார்கள். கதவை அவரே சாத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளே கேட்காதபடி மெதுவாக "ஆக்‌ஷன்" என்றார்.

தைரியநாதன் பதினைந்து நிமிஷம் கதவைப் படம் பிடித்தார்.

சென்சாரில் 'யூ' கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று பாராட்டு வேறு. விநியோகஸ்தர் அன்றைக்குச் சொன்ன வார்த்தைகளுக்குத்தான் 'ஏ' கொடுத்திருக்க வேண்டும். ரஞ்சனியும் சோமுவும் டெய்லர் வீட்டுப் பரணுக்குப் போனார்கள்.

தை பிறந்தது. வைரக்கண்ணு குடைக்கடை நாற்காலியில் உட்கார்ந்தார். கருப்புக் குடையை விரித்து வைத்துக்கொண்டு, எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும் என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தபோது மூன்று பேரும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள்.

"சார்! பரண்ல நம்ம ரஞ்சனிக்குக் குழந்தை பொறந்திருக்கு! ஆறு! வயித்துப் பஞ்சுக்குள்ள கீச்சு கீச்சுன்னு கத்துதுங்க!"

"எப்படிடா இருக்கு?"

"சிவப்பா, மயிரே இல்லாம, வால் மட்டும் நீளமா."

"வாலா? சோமுவுக்கு வால் இல்லையே!" வைரக்கண்ணு விரல் விட்டு எண்ணினார். "ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி... அஞ்சு மாசந்தானே ஆகுது!"

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வைரக்கண்ணுவின் முகம் மெல்ல மலர்ந்தது. குடையை வீசிவிட்டு எழுந்தார்.

"அடேய், இதுதாண்டா கதை! இதுக்கு எவன் 'ஏ' குடுக்காம போறான்னு பார்க்கிறேன். எடுங்கடா கேமராவை!"

யாரும் நகரவில்லை. மாசிலாமணி தலையைச் சொறிந்தார். "பச்சைக் குழந்தைங்க நடமாடுற வீட்டுல 'ஏ' படம் எடுக்கலாமா சார்?"

வைரக்கண்ணு வீசிய குடையை எடுத்து மடக்கினார்.

"அதுவும் சரிதான். அதுங்களுக்குப் பதினெட்டு வயசு ஆகட்டும்," என்று திரும்ப உட்கார்ந்தார். பிறகு மச்சானைக் கூப்பிட்டு, அந்த நாற்காலிக்கு ஒரு நல்ல மெத்தை தைத்துப் போடச் சொன்னார்.