தமிழ் தெரிந்த கோழிகள்

கப்பலில் வந்தவை என்று ஒரு வியாபாரி சொன்னதை நம்பி, மேட்டுப்பட்டி ஜமீன்தார் பெத்தணசாமி பன்னிரண்டு சீமைக் குள்ளக் கோழிகள் வாங்கியிருந்தார். அவற்றைக் காட்டவே விருந்தாளிகளை அழைத்திருந்தார். அன்றைக்கென்று அவருடைய தொழுவத்தைக் கூட்டும் குருவம்மாளின் நாட்டுச் சிறுவிடைக் கோழிகள் ஆறும் வேலி நுழைந்து அவற்றோடு கலந்துவிட்டன. பதினெட்டும் ஒரே உயரம், ஒரே சிவப்பு.

"உன்னுதை நீயே பிரிச்சு எடு. ஒன்னைத் தப்பா எடுத்தாலும் எல்லாம் எனக்குத்தான்" என்றார் ஜமீன்தார்.

"என் கோழிங்க பா, பான்னு கூப்பிட்டா வரும் சாமி. உங்க கோழிங்களுக்கு அது புரியுமா?"

ஜமீன்தார் விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தார். "சீமைக் கோழிக்குத் தமிழ் எப்படித் தெரியும்? நீ கூப்பிட்டு வர்றதெல்லாம் உன்னுது, போ."

குருவம்மாள் வெறுங்கையை நீட்டி, "பா... பா... பா..." என்றாள்.

பதினெட்டும் ஓடிவந்து அவள் காலைச் சுற்றி நின்றன.

"என்னுது எல்லாம் வந்திருச்சு சாமி. உங்களுதைத்தான் காணோம்."

விருந்தாளிகள் ஜமீன்தாரைப் பார்த்தார்கள். அவர் மீசையைத் தடவினார்.

"உன் கோழிங்களோட சேர்ந்து தமிழ் கத்துக்கிருச்சு. கெட்டுப்போன கோழி எனக்கு வேண்டாம். எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டுப் போ" என்றார்.