இரவைத் தாண்டிய உணவு

அரசனுக்கு வயிறு வலித்தால் நாட்டுக்கே பத்தியம் போட்ட முன்னொரு காலத்தில், மாறவேள் என்றொரு மன்னன் இருந்தான். ஒருநாள் முந்தின நாள் மிஞ்சிய பாயசத்தைக் குடித்துவிட்டு விடிய விடிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டான். சந்தைக்கும் களஞ்சியத்துக்கும் அதிகாரியான பூதலராயர் காலையில் ஒரு யோசனை சொன்னார். ஓரிரவைத் தாண்டிய உணவுப்பொருள் எல்லாமே நஞ்சு. அதை விற்பவரையும் வைத்திருப்பவரையும் சிறையில் அடைக்க வேண்டும். அரசன் அப்படியே ஆணையிட்டான்.

ராயரின் எண்ணம் வேறு. பால் தயிராக ஓரிரவு வேண்டும். தயிர் விற்க வழியில்லாத பெண்கள் பொழுது சாய்வதற்குள் பாலைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார்கள். வாங்கியது ராயரின் ஆட்கள். அது நெய்யாகிக் கப்பல் ஏறியது.

வெள்ளைச்சி என்ற தயிர்க்காரி மட்டும் வழக்கம்போல் சந்தையில் கூடையை இறக்கினாள். அவளைச் சிறையில் அடைத்தார்கள்.

அரசவை விகடகவி சேந்தன் இதைக் கேள்விப்பட்டு, ஆணை தவறு என்று சபையில் வாதாடினான். அரசன் அவன் பேச்சுக்குக் காது கொடுப்பது ராயருக்கு எப்போதும் பொறுக்காது. ஆணையைப் பழிப்பவனே அதை நிறைவேற்றட்டும், தவறினால் அவனும் சிறைக்குப் போகட்டும் என்றார். அரசனுக்கும் அது வேடிக்கையாக இருந்தது.

"யார் வீட்டையும் விடக்கூடாது, அப்படித்தானே அரசே?" என்று கேட்டான் சேந்தன்.

அரசன் தலையசைத்தான்.

மறுநாள் மதியம் அரசனின் இலையில் வெள்ளரிப்பிஞ்சும் ஒரு குவளைப் பாலும் மட்டும் இருந்தன. சோறு கேட்டதற்குச் சமையற்காரர் விவரம் சொன்னார். அரிசி போன வருடத்து அறுவடையாம். பருப்பு, புளி, வெல்லம், ஊறுகாய் எல்லாமே இரவைத் தாண்டியவையாம். சேந்தன் வந்து உக்கிராண அறையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டானாம்.

அரசன் கொதித்துப்போய்ச் சேந்தனை வரவழைத்தான். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னான். சேந்தன் நிமிர்ந்தே நின்றான்.

"கேட்க மாட்டேன், அரசே. தங்கள் ஆணையை மீறியிருந்தால் கேட்டிருப்பேன். அதன்படியே நடந்திருக்கிறேன். நடந்தது தவறென்றால், வெள்ளைச்சி சிறையில் இருப்பதும் தவறு."

அப்போது பூதலராயர் மூச்சிரைக்க ஓடிவந்தார். சேந்தன் சொன்னபடி அவருடைய நெய்ப்பானைகளைக் காவலர்கள் ஆற்றில் கொட்டச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

"அரசே, காய்ச்சிய நெய் மாதக்கணக்கில் கெடாது. அரிசி பழசானால்தான் சோறு உதிரியாக வரும். உப்பு இருக்கும்வரை ஊறுகாய்க்கு ஒன்றும் ஆகாது. அத்தனையும் நல்ல பண்டம்" என்று கெஞ்சினார்.

"பாலையும் புளிப்புத்தான் தயிராக்கிக் காப்பாற்றுகிறது. கெட்டுப்போவது வேறு, பக்குவமாவது வேறு என்று ராயருக்கு நன்றாகத் தெரிகிறது. பிறகு ஏன் தயிரை நஞ்சு என்றார்? பால் யாரிடம் போகிறது என்று விசாரியுங்கள்" என்றான் சேந்தன்.

அரசன் விசாரித்தான். பாலை வாங்கிக் குவித்தது ராயரின் ஆட்கள் என்று தெரிந்தது. ஆணை அங்கேயே ரத்தானது. ராயரின் பதவி போனது. அவருடைய நெய் பால்காரப் பெண்களுக்குப் போனது. சந்தை அதிகாரத்தை அரசன் சேந்தனிடம் கொடுத்துத் தன் கைக்காப்பையும் கழற்றி மாட்டினான்.

விடுதலையாகி வந்த வெள்ளைச்சியிடம், பசியோடிருந்த அரசன் சோற்றுக்குக் கொஞ்சம் தயிர் கேட்டான்.

"இன்னிக்கு உறை ஊத்தினா நாளைக்குத்தான் தயிர், மகாராசா. ராத்திரி தாண்டணும்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

வெறும் பருப்புச் சோற்றைப் பிசைந்த அரசனுக்குச் சிரிப்பில் புரையேறியது.