உடைந்த மணிக்குப் பதில்

கம்பியோடு சேர்த்துச் சூடான கண்ணாடி மணியைத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தினார் கலியபெருமாள். சுர்ரென்று ஒரு சத்தம். மணி பிளந்து அடியில் விழுந்தது. இதற்கு முன் போட்ட மணிகளும் அங்கேதான் உடைந்து கிடந்தன.

எதிர் மேசையில் சகாயமேரி பர்னரை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். கண்ணாடி வேலையில் அவருக்கு ஆசிரியை அவள்தான். வயதில் அவருடைய மகளைவிடச் சின்னவள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர் விளையாட்டாக 'டீச்சர்' என்று கூப்பிடப்போய், அதுவே நிலைத்துவிட்டது.

"எதுக்கு ஐயா வாளியில போட்டீங்க?"

"சிவப்பு செத்துப்போச்சு டீச்சர். கண்ணாடிக் குச்சி நல்ல சிவப்பாத்தான் இருக்கு. தீயில உருக்கினா வெறும் தண்ணியாட்டம் ஆயிடுது."

சிவப்பு மணிக்கு அப்படி என்ன அவசரம் என்று கேட்டாள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து மேசையில் வைத்தார். மனைவி தையல்நாயகியின் சிவப்பு மணிமாலை. கல்யாணமான வருஷம் வில்லியனூர்த் தேர்த்திருவிழாவில் அவர் வாங்கித் தந்தது. நைந்த நூலை மாற்றப்போனவர், உருண்டோடிய ஒரு மணியை மிதித்து உடைத்துவிட்டார். நாளைக்குப் பேத்திக்குக் காதுகுத்து. அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கும் தையல்நாயகி சாயங்காலம் வந்ததும் முதலில் மாலையைத்தான் தேடுவாள்.

"அம்மாகிட்ட சொல்லிடலாமே."

"இத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன், ஒரு கோழியை அடிச்சதில்ல. வீட்டுக்குள்ள மணியை மிதிச்சேன்னு தெரிஞ்சா, காதுகுத்துக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பா."

சகாயமேரியும் சிரித்தாள். இன்னொன்று செய்யச் சொன்னாள்.

குச்சியை உருக்கி, களிமண் பூசிய கம்பியில் சுற்றினார். உருண்டை நன்றாக வந்தது. நிறம் மட்டும் போய்விட்டது. அவர் கை வாளிப் பக்கம் போனது. அவள் காலால் வாளியைத் தன் மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"கையில பிடிச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

இருந்தார். மணியின் தணல் மெல்ல அடங்கியது.

"இப்போ தீயோட ஓரத்துல மட்டும் காட்டுங்க. உள்ள கொண்டு போவாதீங்க."

காட்டினார். கண்ணாடிக்குள் ஒரு மூலையில் சிவப்பு கசிந்தது. திருப்பத் திருப்ப மணி முழுவதும் பரவியது. கம்பியைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"இவ்வளவு நேரம் இது எங்க இருந்துச்சு?"

"வாளியில போட்டதுலயும் இருந்துச்சு."

சட்டென்று ஆறினால் வெடித்துவிடும் என்று மணியைச் சூடான சாம்பலில் புதைத்து வைத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தார். கம்பியை உருவி, ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார். பழைய மணிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். முகம் வாடிவிட்டது. புதியதன் சிவப்பு சற்று அடர்த்தியாக இருந்தது.

"டீச்சர், பிடரிப் பக்கமா கோத்துட்டா தெரியாதில்ல? கொண்டை மறைச்சிடும்."

அவள் ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, பழைய மணிகளை அதில் கொட்டினாள்.

"இதுல ஒரே மாதிரி இருக்கிற ரெண்டை எடுத்துக் குடுங்க. அச்சா அதே மாதிரி செஞ்சு தர்றேன்."

கலியபெருமாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இரண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கீழே வைத்தார். வேறு இரண்டை எடுத்தார். ஒன்றில் கடுகளவு குமிழி. ஒன்று ஒரு பக்கம் சப்பி, புளியங்கொட்டை போல இருந்தது. இன்னொன்று துளையருகே கறுத்திருந்தது. அவள் தேநீர் வைத்துக்கொண்டு வந்தபோதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் ஒண்ணுன்னுல்ல நெனச்சிருந்தேன்," என்றார்.

"அம்மாவும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்களா?"

அவர் யோசித்தார். பேசும்போதெல்லாம் தையல்நாயகி கழுத்து மணிகளை ஒவ்வொன்றாக விரலால் உருட்டிக்கொண்டிருப்பாள்.

"இல்ல. அவளுக்கு ஒவ்வொண்ணும் தெரியும். எங்க கோத்தாலும் கண்டுபிடிச்சிடுவா."

"கண்டுபிடிக்கட்டும். இதை யார் செஞ்சதுன்னு கேப்பாங்க."

சகாயமேரி தன் மேசைக்குப் போய் பர்னரைப் பற்றவைத்தாள்.

தேநீரைக் குடித்து முடித்து, புது நூலின் நுனியை உதட்டில் நனைத்து முறுக்கினார். பழைய மணிகளில் பாதி ஏறியதும், முன்கழுத்தில் தெரியும் நடுவில் தன்னுடையதை எடுத்துக் கோத்தார். பிறகு மீதியை.