லைட்ட அணைச்ச மாப்பிள்ளை

சோளிப்பாக்கத்துக்காரங்கள முட்டாள்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. என் சின்ன நாத்தனாரையே அந்த ஊர்லதான் குடுத்திருக்கு. அவங்க மரியாதப்பட்டவங்க, அவ்வளவுதான். யாரு என்ன சொன்னாலும் ஒரு எழுத்து பிசகாம அப்படியே செஞ்சிடுவாங்க. அதுலதான் எல்லா வம்பும்.

அந்த ஊரு வேம்புலிக்குக் கல்யாணம் தள்ளிப் போனதும் அதனாலதான். மாவு மில்லு வச்சிருக்கான், முப்பத்துநாலு வயசு, எறும்பு வந்தா ஒதுங்கி நின்னு வழி விடுற பையன். பதினோரு பொண்ணு வீட்டுக்காரங்க வந்து பாத்தாங்க. பதினோரு வீடும் காபி டம்ளர வச்ச கையோட எழுந்து போயிட்டாங்க. காரணம் அவன் தாய்மாமா கன்னியப்பன். அந்த மனுஷன் வாயத் தொறந்தா சம்பந்தம் போச்சு.

ஒரு தடவ கன்னியப்பன் பொண்டாட்டிக்கு ஜுரம். டாக்டரு மாத்திரையக் குடுத்து, "சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும்"னு சொல்லி அனுப்பிச்சாரு. இவரும் வேள தவறாம சாதத் தட்டுக்கு முன்னாடி மாத்திரைய வரிசையா போட்டு வச்சாரு. மூணு நாளாச்சு, பொண்டாட்டிக்கு ஜுரம் எறங்கல. "ஆனா சாதத்துக்கு ஒரு தடவ கூட ஜுரம் வரல"ன்னு பத்தாவதா வந்த பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட இத பெருமையா எடுத்துச் சொன்னாரு. அவங்க செருப்பக் கூட கையில எடுத்துக்கிட்டுத்தான் ஓடுனாங்க. அந்தப் பொண்ண அப்புறம் ஒரு போஸ்ட்மேனுக்குக் குடுத்தாங்க, நல்லாத்தான் இருக்கா. அது இங்க எதுக்கு.

பன்னெண்டாவதா வந்ததுதான் ஈச்சம்பட்டு சம்பந்தம். பொண்ணு பேரு தமயந்தி, அப்பா முனிரத்தினம். போட்டோவ பாத்த நாள்லேந்து வேம்புலிக்கு வேல ஓடல. மொளகா அரைக்கக் குடுத்தவங்களுக்கு கேழ்வரகு மாவும், கேழ்வரகு குடுத்தவங்களுக்கு மொளகாத்தூளும் போச்சு. ஒரு கொழந்தைக்குக் கூழு ஊத்தப் போனவங்க வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க. அதுக்கும் அவன் தமயந்தி போட்டோவத்தான் பாத்துக்கிட்டு நின்னான்.

தரகர் மாசிலாமணி கண்டிப்பா சொல்லிட்டாரு. "இதான் கடைசி. இதுவும் போச்சுன்னா உன் ஜாதகத்த நான் தொட மாட்டேன். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாத்தான உங்க மாமா பேசுவாரு? கடலோர ரோட்டுல கார்ல உக்காந்தபடியே படம் பாக்குற தியேட்டர் இருக்கு. கோடை லீவுக்கு சாயங்காலத்துல எல்லாரும் குடும்பத்தோட வர்றாங்க. அங்க வச்சு பாத்துக்கட்டும். நீங்க நாலாவது வரிசையில நில்லுங்க, அவங்க கார் உங்களுக்கு நேர் பின்னாடி நிக்கும். வேம்புலி பின்சீட்டுல திரும்பி உக்காந்து கண்ணாடி வழியா சிரிச்ச மொகமா இருக்கணும். யாரும் கார விட்டு இறங்கக் கூடாது. யாரும் வாயத் தொறக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிஞ்சுதுன்னு தலைய ஆட்டுனாங்க. வாயத் தொறக்கலையே!

பொண்ணு வீட்டுக்கும் சொல்லி வச்சாரு. "நேரா முன்னாடி பாருங்க, மாப்பிள்ள தெரிவாரு."

சனிக்கிழம சாயங்காலம் ஒரு பழைய அம்பாசடர இரவல் வாங்கிட்டுக் கெளம்புனாங்க. வண்டி ஓட்டுனது வேம்புலியோட அக்கா புருஷன் தசரதன். மூக்குக் கண்ணாடி போட்டாத்தான் அவருக்கு ரோடே தெரியும். தரகர் ஸ்கூட்டர்ல வந்தவரு, அத உள்ள விட மாட்டோம்னு தியேட்டர்க்காரங்க சொன்னதால கேட்டுக்கு வெளியவே நின்னுட்டாரு. அங்கதான் விதி வெளையாடிச்சு.

டிக்கெட் குடுக்குறவன் குனிஞ்சு, "சார், கண்ணாடிய இறக்குங்க"ன்னான்.

தசரதன் மூக்குக் கண்ணாடியக் கழட்டி மடியில இறக்கி வச்சாரு. கதவுல இருந்த கண்ணாடிய யாரும் தொடல. டிக்கெட்ட கதவத் தொறந்து வாங்கிக்கிட்டாங்க. அதுக்கு மேல தசரதனுக்கு உலகமே பனி மூட்டம். வண்டி நாலாவது வரிசையத் தாண்டி, பத்தாவது வரிசையத் தாண்டி, பஜ்ஜிக் கடையச் சுத்திப் போயி, காம்பவுண்டு சுவத்துல மூக்க வச்சு நின்னுச்சு. பின்னாடி பஜ்ஜிக் கட, முன்னாடி வெள்ளையடிச்ச சுவரு. திரை அந்தக் கடைக்கு அந்தாண்ட போயிருச்சு.

வண்டி லைட்டு சுவத்துல பளிச்சுன்னு அடிக்கவும் கன்னியப்பன், "படம் ஆரம்பிச்சாச்சு"ன்னு துண்ட எடுத்து வாயப் பொத்திக்கிட்டு சொன்னாரு. மூடிக்கிட்டே பேசினா தொறந்ததா ஆகாதுங்கிறது அவரு கணக்கு.

அந்த நேரம் பாத்து வாட்ச்மேன் டார்ச்ச ஆட்டிக்கிட்டு வந்தான். "லைட்ட அணைங்க! லைட்ட அணைங்க!"

மூணு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்தாங்க.

"லைட்ட எதுக்கு மாமா அணைக்கணும்?" இது வேம்புலி, அவனும் கையால வாயப் பொத்திக்கிட்டு.

"புது எடம். இங்க வழக்கம் அப்படி இருக்கும். கோயிலுக்குப் போனா தொட்டுக் கும்பிடுறதில்ல?"

"தரகர் கார விட்டு இறங்கக் கூடாதுன்னாரே?"

கன்னியப்பன் துண்ட வாயில இன்னும் இறுக்கிக்கிட்டாரு. "இறங்கத்தானடா கூடாது? ஏறலாமில்ல?"

நியாயந்தான. கதவத் தொறந்து, கால் தரையில படாம ரெண்டு பேரும் பானெட்டு மேல ஏறி, தலகீழா படுத்து, ஆளுக்கொரு லைட்ட நெஞ்சோட சேத்து அணைச்சிக்கிட்டாங்க. சுவத்துல வெளிச்சம் போயிருச்சு. வாட்ச்மேன் ஒரு நிமிஷம் நின்னு பாத்தான். அப்புறம் ஜன்னலத் தட்டி தசரதன கதவத் தொறக்க வச்சு, சுவிட்ச அவனே திருப்பிட்டுப் போயிட்டான்.

"இன்னும் அணைக்கணுமா?"ன்னு வேம்புலி கேட்டான்.

"அந்த வாட்ச்மேன் வந்து சொல்ற வரைக்கும் விடாத."

வாட்ச்மேன் திரும்பி வரல. கால் மணி நேரம் கழிச்சு இடுப்பு புடிச்சிக்கிட்டதால அவங்களாவே உள்ள வந்துட்டாங்க. கண்ணாடி எல்லாம் மூடிக் கெடக்கு, மே மாச வெக்க, வேம்புலி சட்ட தொப்பலா நனைஞ்சு போச்சு. ஆனாலும் பின்பக்கம் திரும்பி உக்காந்து சிரிச்ச மொகமா இருந்தான். எதிர்ல பஜ்ஜி போடுறவன் ரெண்டு மணி நேரம் பாத்தான். பாவம், பசியில இளிக்கிறான்னு கடைசியில ஒரு வாழக்கா பஜ்ஜியக் கொண்டாந்து குடுத்தான். வாயத் தொறக்கக் கூடாதே, அப்படியே கையில வச்சுக்கிட்டு சிரிச்சான்.

கன்னியப்பன் சுவத்தப் பாத்துக்கிட்டிருந்தாரு. ஒரு பல்லி வந்துச்சு, ஒரு பூச்சியப் புடிச்சுச்சு, போயிருச்சு. "கத கொஞ்சம் மெதுவு, ஆனா வில்லன் நல்லா பண்ணியிருக்கான்"னு தசரதன்கிட்ட சொன்னாரு. தசரதன் ஒண்ணும் தெரியாமலே ஆமான்னாரு.

அங்க அஞ்சாவது வரிசையில பொண்ணு வீட்டுக் கார் வந்து நின்னுச்சு. முன்னாடி அம்பாசடரும் இல்ல, வேம்புலியும் இல்ல. தரகர் சொன்னபடி அப்பா, அம்மா, பொண்ணு மூணு பேரும் நேரா முன்னாடி பாத்தாங்க. முன்னாடி இருந்தது திரை.

ஈச்சம்பட்டும் சோளிப்பாக்கமும் ஒரே ஏரித் தண்ணிதான் குடிக்குது, அத மொதல்லயே சொல்லியிருக்கணும்.

படம் முடிஞ்சு வெளிய வர்றப்ப ரெண்டு காரும் வாசல் கேட்டுல பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு. முனிரத்தினம் தலைய நீட்டி, "பையன் ஆளு வாட்டசாட்டம். அதுல கொற சொல்ல முடியாது"ன்னாரு. அப்புறம் வேம்புலிய உத்துப் பாத்து, "தூரத்துல பாக்குறப்ப பெருசா தெரிஞ்சாரு, கிட்ட வந்தா சின்னதாயிட்டாரே?"

"கூச்ச சுபாவம்"னாரு கன்னியப்பன்.

"அதிருக்கட்டும். இந்த அடிதடிதான் எங்களுக்கு ஒத்து வராது. பதினாலு பேர அடிச்சாரு. என் பொண்ணு வெரல் விட்டு எண்ணுனா."

கன்னியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. துண்டு கீழ விழுந்துருச்சு. "ஏண்டா, எப்படா இறங்கிப் போன?"

"நான் சிரிச்சிக்கிட்டுத்தான மாமா உக்காந்திருந்தேன்!"

தசரதன் நிதானமா சொன்னாரு, "எனக்குக் கண்ணாடி இல்ல. போயிருந்தாலும் போயிருப்பான், நான் சாட்சி சொல்ல மாட்டேன்."

வேம்புலிக்கே சந்தேகம் வந்துருச்சு. "இடுப்பு வலிக்குது மாமா. ஒருவேள அடிச்சிருப்பேனோ?"

அப்பதான் தமயந்தி பின்சீட்டுலேந்து எட்டிப் பாத்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு. "அடிச்சது கூடப் பரவால்ல. மழையில ஒருத்திகூட ஆடுனாரே, யாரு அவ?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க!"

"மூணு தடவ புடவ மாத்துனா. தெரியாதா?"

கன்னியப்பன் நியாயஸ்தரு. பின்சீட்டுக்குக் கைய நீட்டி மருமகன் சட்டையத் தொட்டுப் பாத்தாரு. "டேய், சட்ட ஈரமாத்தான்டா இருக்கு!"

வேம்புலி தலையக் குனிஞ்சுக்கிட்டான். தமயந்தி கெடைக்க மாட்டான்னு நெனைக்கிறப்ப, செய்யாத தப்பும் செஞ்ச மாதிரிதான் இருந்துச்சு அவனுக்கு.

தரகர் ஓடியாந்து, "ஐயா, அது சினிமாங்க!"ன்னு கத்துனாரு.

"சினிமாவோ கல்யாண வீடோ, அடின்னா அடிதான மாசிலாமணி?"ன்னாரு முனிரத்தினம். பின்னாடி எல்லா காரும் ஹாரன் அடிக்க, தரகர் மேக்கொண்டு சொன்னது யாரு காதுலயும் விழல. அவரு அன்னிக்கு ஸ்கூட்டர தள்ளிக்கிட்டே வீட்டுக்குப் போனதா சொல்றாங்க, ஓட்டத் தோணலையாம்.

கடைசியா முனிரத்தினம் ஒரு முடிவு சொன்னாரு. "பையன் மொகத்துல நல்ல களை இருக்கு. ஒரு வாய்ப்புத் தர்றோம். அடுத்த சனிக்கிழமையும் வந்து பாப்போம். அடிதடி இல்லாம, வேற பொண்ணு பக்கம் போகாம இருந்தாருன்னா அங்கேயே தட்டு மாத்திக்கலாம்."

அந்த ஒரு வாரம் வேம்புலி இருந்த கட்டுப்பாடு இருக்கே! கொசு கடிச்சாக் கூட ஊதித்தான் விட்டான். மில்லுக்குப் பொம்பளைங்க வந்தா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டுத்தான் மாவு அரைச்சான். யாரு மாவு யாருக்குப் போச்சுன்னு கேக்காதீங்க.

சனிக்கிழம வந்துச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு கன்னியப்பன் அவன் ரெண்டு கையையும் துண்டால கட்டி, காலையும் சீட்டோட சேத்துக் கட்டிட்டாரு. கேட்டுல கண்ணாடிய இறக்கச் சொன்னாங்க, இறக்குனாங்க. வண்டி அதே பஜ்ஜிக் கடைக்குப் பின்னாடி போயி நின்னுச்சு.

தியேட்டர்க்காரங்க அந்த வாரம் படத்த மாத்திட்டாங்க. பிள்ளைங்களுக்கு லீவாச்சேன்னு பொம்மப் படம். ஊதாக் கலர்ல ஒரு குண்டு யானைக்குட்டி, அதுகூட ஒரு எலி. காடு மேடெல்லாம் பழம் தின்னுக்கிட்டுத் திரியுதுங்க, அவ்வளவுதான் கத.

படம் முடிஞ்சதும் முனிரத்தினம் தாம்பாளத்தோட அம்பாசடரத் தேடி வந்துட்டாரு. பின்னாடியே தமயந்தி.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாருங்க"ன்னாரு முனிரத்தினம். "ஒருத்தர் மேல கை வைக்கல. ஒரு பொண்ண ஏறெடுத்துப் பாக்கல. ஒரே ஒரு சிநேகிதன், அவனும் சின்னப் பையன்."

"நான் சொல்லல? தங்கமான பையன்"னாரு கன்னியப்பன்.

"ஒரே வாரத்துல இப்படி உடம்பு போட்டுட்டாரே, அதான் கொஞ்சம் ரோசன."

"கவலையில நெறைய சாப்பிட்டுட்டான்."

முனிரத்தினம் மக பக்கம் திரும்புனாரு. "நீ என்னம்மா சொல்ற? நெறமும் கொஞ்சம் மாறித்தான் போச்சு. உனக்குப் புடிச்சாத்தான்."

தமயந்தி காருக்குள்ள கட்டிக் கெடந்த வேம்புலிய ஒரு தடவ பாத்தா, தூரத்துல திரையையும் ஒரு தடவ பாத்தா. மொகமெல்லாம் செவந்து போச்சு.

"எனக்குச் சம்மதம்ப்பா. உடம்பக் கொறச்சிக்கலாம், கலரு பழகிடும். காதுதான் நல்லா பெருசாயிருக்கே, நான் சொல்றதையெல்லாம் கேப்பாரு."