செம்புக்குள் அடைபட்ட விளையாட்டு

வெகு வெகு காலத்துக்கு முன்னாலே, மலைகள்கூடச் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்திலே, தும்பைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதன் ராஜா கீர்த்திகேது. அவருக்கு ஒரே மகள். ஐந்து வயது. பேர் மின்னிழை.

அரண்மனைக்குப் பக்கத்து மைதானத்தில் வடிவாச்சி என்று ஒரு பெண் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். அம்மா அப்பா வயலுக்குப் போய்விட்டால் குழந்தைகள் அவளிடம்தான். மின்னிழையும் விடிந்ததும் அங்கே ஓடிவிடுவாள். மணல் இருந்தது, தண்ணீர் இருந்தது, களிமண் இருந்தது. புளியங்கொட்டையை எண்ணிக் குவிப்பார்கள். கொட்டாங்குச்சியில் தண்ணீரை அளந்து ஊற்றுவார்கள். கோழிக்கு வீடு கட்டுவார்கள். வீடு பொத்தென்று விழும்.

"ஏன்க்கா விழுந்துச்சு?"

"தெரியலையே! பார்ப்போமா?" என்பாள் வடிவாச்சி. மறுபடி கட்டுவார்கள்.

ராஜாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "ஐந்து வயதாகியும் ஒரு பாட்டை முழுசாக ஒப்பிக்கத் தெரியவில்லை. எப்போது பார்த்தாலும் சேறு!" என்று புலம்பினார்.

அந்தப் புலம்பல் எப்படியோ நெடுஞ்சடையன் என்ற மந்திரவாதியின் காதுக்குப் போனது. கையில் ஒரு செம்போடு சபைக்கு வந்து நின்றான்.

"மகாராஜா! இந்த ஊர்க் குழந்தைகளை ஒரே நொடியில் பண்டிதர்கள் ஆக்குகிறேன். பொன் வேண்டாம், பொருள் வேண்டாம். அவர்களுடைய விளையாட்டை மட்டும் எனக்குக் கொடுத்தால் போதும்."

"விளையாட்டா? தாராளமாக அள்ளிக்கொண்டு போ!" என்று சிரித்தார் ராஜா.

மந்திரவாதி மைதானத்துக்கு வந்தான். செம்பைத் திறந்தான். "கையே அடங்கு! காலே அடங்கு! கேள்வியே அடங்கு!" என்றான். மூன்று காற்று எழுந்து செம்புக்குள் சுருண்டது. மூடியை அழுத்தினான். ஆளைக் காணோம்.

குழந்தைகள் வரிசையாக, பொம்மை மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள். வாய் மட்டும் கடகடவென்று ஓடியது. இருபத்தேழு நட்சத்திரமா? சொன்னார்கள். மலைகளின் பேரா? சொன்னார்கள். ராஜா பூரித்துப்போய் ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு குழந்தையும் எழுந்து ஓடவில்லை. ராஜாவே குடையோடு ஓடிவந்தார். "மின்னிக்கண்ணு, நனையுறியே! உள்ளே வாம்மா!"

"மழை மேகத்திலிருந்து பொழிகிறது. மேகம் நான்கு வகைப்படும்" என்றாள் மின்னிழை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மகளைத் தூக்கிப்போய் வாயில் லட்டை வைத்தார். மெல்லவில்லை. ராஜா வடிவாச்சியைக் கூப்பிட்டனுப்பினார்.

"நான் போய்ச் செம்பைக் கொண்டுவர்றேன்" என்று கிளம்பினாள் வடிவாச்சி.

நடந்தாள், நடந்தாள், ஆற்றங்கரை வரைக்கும் நடந்தாள். அக்கரையில் மந்திரவாதியின் குகை. இக்கரையில் ஒரு நீர்நாய் மல்லாந்து படுத்து, கூழாங்கல்லை வயிற்றின் மேல் உருட்டிக்கொண்டிருந்தது.

"என்கூட விளையாட வர்றியா?" என்று கேட்டது.

தலைபோகிற அவசரம்தான். ஆனாலும் ஆசையாகக் கேட்கிற முகத்தை அவளால் தட்ட முடியவில்லை. கல்லை வாங்கி ஒரு தரம் எறிந்தாள், இரண்டு தரம் எறிந்தாள், மூன்று தரம் எறிந்தாள். நீர்நாய் பாய்ந்து பாய்ந்து பிடித்தது. அப்புறம் அவள் வந்த காரணத்தைக் கேட்டு, அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தியது.

"உச்சி வெயிலில் அவன் தூங்குவான். அப்போ எடு. ஆனா ஒண்ணு. அந்த மூடியை ஒரு குழந்தையின் கை தானா எடுக்கணும். யாராவது 'திற'ன்னு சொல்லிட்டா அது திறக்கவே திறக்காது. செம்பை எடுத்துட்டுப் போய் மூணு பகல் தாண்டினாலும் அப்படியே இறுகிடும்."

"கையைத்தான் கட்டிப்போட்டுட்டானே?"

"அடக்கித்தான் வெச்சிருக்கான். ஆசை முட்டினா விரல் நீளும்" என்றது நீர்நாய்.

அவன் குறட்டை விட்ட நேரம் பார்த்துச் செம்பை எடுத்துவந்து, மின்னிழையையும் மற்றக் குழந்தைகளையும் மைதானத்தில் உட்காரவைத்து நடுவே வைத்தாள். அதைப் பார்த்ததும் ராஜா பாய்ந்து வந்தார். "மின்னி! அந்த மூடியைத் தி..."

வடிவாச்சி சட்டென்று ராஜாவின் வாயைப் பொத்தினாள். சேவகர்கள் வாளை உருவினார்கள். அவள் கையை எடுக்கவில்லை. "பொறுக்கணும் மகாராஜா. சொன்னால் கெட்டுவிடும்." ராஜா கண்ணை உருட்டி, பிறகு மெல்லத் தலையாட்டினார்.

முதல் பகல், மணலில் கோபுரம் கட்டினாள். குழந்தைகள் மலைகளின் பேரைச் சொன்னார்கள். இரண்டாம் பகல், மூங்கில் குழாயில் தண்ணீர் விட்டாள். ஆறுகளின் பேரைச் சொன்னார்கள். ஆனால் மின்னிழையின் கண் தண்ணீரோடு கூடவே ஓடியது.

மூன்றாம் பகல், வாய்க்கால் வெட்டிக் குறுக்கே களிமண்ணால் அணை போட்டாள். உடைந்தது. குச்சி நட்டுப் போட்டாள். உடைந்தது. கல் அடுக்கிப் போட்டாள். ஓரத்தில் ஓட்டை விழுந்து தண்ணீர் பீறிட்டது. சூரியன் சரிந்துகொண்டிருந்தது. வடிவாச்சிக்கு அது நினைவே இல்லை. முழங்கை வரை சேறு, மூக்கில் சேறு. "ஏன்தான் நிக்க மாட்டேங்குது? இந்த ஓட்டைக்கு என்னத்தை வெக்கிறது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

மின்னிழையின் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு கை நீண்டது. பக்கத்தில் தட்டையாக, வட்டமாக என்ன இருக்கிறது? செம்பின் மூடி! வெடுக்கென்று பிடுங்கி ஓட்டையில் வைத்து அழுத்தினாள்.

"இதை வெச்சுப் பாருங்கக்கா! நிக்குது! நிக்குது!"

செம்பிலிருந்து மூன்று காற்றும் குபீரென்று கிளம்பின. கை எழுந்தது, கால் எழுந்தது, கேள்வி எழுந்தது! "தண்ணி எங்கே போகுது?" "எனக்கும் மண்ணு!" "நான் தோண்டுறேன்!" மைதானமே கூச்சலாகிவிட்டது.

செம்பைத் தேடித் தலைதெறிக்க ஓடிவந்த நெடுஞ்சடையன் அந்தக் காற்றுக்குள் நேராக வந்து மாட்டினான். "ஐயோ, என் கை! குறுகுறுங்குதே!" என்று அலறினான். பிறந்ததிலிருந்து அவன் ஒருநாள்கூட விளையாடியதில்லை. ஒரு சின்னப் பையன் அவனிடம் களிமண் உருண்டையை நீட்டினான். மந்திரவாதி பிசைந்தான். யானை செய்தான். தும்பிக்கை கழன்று விழ, "ஏன் விழுந்துச்சு?" என்று கேட்டான். கேட்டவன் விழுந்து விழுந்து சிரித்தான். மந்திரமெல்லாம் அந்தச் சிரிப்பிலேயே மறந்துபோனது.

குழந்தைகள் விளையாட ராஜா வடிவாச்சிக்குத் தன் பூந்தோட்டத்தையே கொடுத்தார். "ரோஜாப் பாத்தியை எல்லாம் வெட்டிவிடுவார்களே?" என்றார் மந்திரி. "வெட்டட்டும். வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடணும்னு அவர்களே சொல்லட்டும்" என்றார் ராஜா.

மறுநாள் அவர் பட்டுவேட்டியோடு அங்கே வந்து நின்றார். மின்னிழை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, இந்தக் குச்சியைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க. விட்டுடாதீங்க, பாலம் விழுந்துடும்."

"எவ்வளவு நேரம்மா?"

"முடியிற வரைக்கும்."

சபை கூடியது, காத்திருந்தது, கலைந்தும் போனது. ராஜா குச்சியை விடவில்லை. பாலம் முடிந்தது. முதல் எறும்பு அதன் மேல் ஏறி அக்கரைக்குப் போனது. அத்தோடு என் கதையும் கரை சேர்ந்தது.