காய்க்காத பேரினம்

"மேடம், என் பேரினம் காய்க்க மாட்டேங்குது" என்றார் அதிசயமணி.

மாணவருக்கு வயது ஐம்பத்தாறு. ஆய்வு வழிகாட்டியான மேக்டலினுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. படிப்பு பிறந்த வரிசை பார்ப்பதில்லை.

ஆளி விதையைப் பொடித்துத் தின்னச் சொல்லும் மருத்துவர்கள், ஆளியின் தாவரக் குடும்பத்தில் மலைமேல் மஞ்சளாகப் பூக்கும் ஓர் ஏழை உறவு உண்டு என்று சொல்வதில்லை. அது ஒரே ஒரு சரிவில்தான் இருந்தது. அந்தச் சரிவு இப்போது சாலை.

வெடி வைப்பதற்கு முன்பே செடிகள் அனைத்தையும் பெயர்த்துத் தன் கல்லூரித் தோட்டத்தில் நட்டவர் அதிசயமணி. அவையும் இப்போது கிழடு தட்டிக் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒரு பகுதியைத் தனிப் பேரினமாக, அதாவது இனத்துக்கு மேல்படியில் ஒரு புது வகையாக, நிறுவுவதுதான் அவர் ஆய்வு.

"எரு?"

"போட்டேன். எலும்புத்தூளும் போட்டேன். மாதாவுக்கு மெழுகுவத்தியும் ஏத்தினேன்."

"தேனீ வருதா?"

"வருது மேடம். பொண்ணு பார்க்க வர்றவங்க மாதிரி எல்லாத்தையும் பார்க்குது. பதில்தான் இல்ல."

மேக்டலின் பாத்தியோரம் குந்தினார். ஒரு பூவை நகத்தால் பிளந்து, உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தார்.

இன்னொரு பூ.

இன்னொன்று.

"எல்லாத்துலயும் சூல்தண்டு நெட்டையா இருக்கு. மகரந்தத்தாள் குட்டையா இருக்கு."

"அதுதான் மேடம் அடையாளமே!" அதிசயமணியின் முகம் மலர்ந்தது. "சரிவுல ரெண்டும் கலந்து கிடந்துச்சு. நெட்டைத்தண்டு ஒரு செடியில, குட்டைத்தண்டு இன்னொண்ணுல. எல்லாரும் ரெண்டையும் பழைய பேரினத்துல போட்டுட்டாங்க. கத்தரியும் சுண்டையும் ஒரே கூடையில! நான்தான் பிரிச்சேன். குட்டை பழைய பேரினம். நெட்டை என்னோடது."

மேக்டலின் நான்காவது பூவைப் பிளந்தார்.

"காயும் விதையும் விவரிக்காம புதுப் பேரினத்தை ஆய்விதழ்ல ஏத்துக்க மாட்டாங்களாம். ஒரே ஒரு காய் போதும் மேடம். செடியும் பிழைக்கும், நானும் பிழைப்பேன்."

"குட்டைத்தண்டுல ஒரு பூ பறிச்சுட்டு வாங்க சார்."

"அது எதுக்கு?"

"ஆளிக் குடும்பத்துல பல செடிகள் இப்படித்தான். ஒரே இனம், ரெண்டு மாதிரிப் பூ. குட்டையோட மகரந்தம் நெட்டையில விழணும், நெட்டையோடது குட்டையில. தன் மாதிரிக்குத் தானே கொடுத்தா காய் பிடிக்காது."

"அப்ப ரெண்டும் புருஷன் பொண்டாட்டியா?"

"அப்படிச் சொன்னா தப்பு. ஒவ்வொரு பூவுலயும் ஆணும் இருக்கு, பொண்ணும் இருக்கு. சம்பந்திங்கன்னு வச்சுக்குங்க. போங்க சார், ஒரு பூ போதும்."

அதிசயமணி நகரவில்லை.

"அந்தப் பாத்தியை…"

"சொல்லுங்க."

"பேரினம் கலந்துடக் கூடாதுன்னு, போன பங்குனியில பிடுங்கிட்டேன். வேரோட."

"எல்லாத்தையுமா?"

"நான் எதையும் அரைகுறையா செய்யறதில்ல மேடம்."

மேக்டலின் கையிலிருந்த பூவைக் கீழே வைத்தார்.

"உலர்த்தி வச்சது இருக்கு" என்றார் அதிசயமணி அவசரமாக. "அருமையா அட்டையில ஒட்டியிருக்கேன். மஞ்சள்கூட மங்கல."

"அது செத்த மகரந்தம் சார்."

அதிசயமணி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, தலை நிமிராமலே கேட்டார்:

"பங்குனிக்கு முன்னாடியே உங்களைக் கூப்பிட்டேனே. கமிட்டி இருக்குன்னுட்டீங்க."

மேக்டலின் உருப்பெருக்கியைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் துடைத்தார்.

"இப்ப என் பேரினம் என்ன ஆகும் மேடம்?"

"இனிமே உங்க வரையறையை யாரும் மறுக்க முடியாது சார். உலகத்துல மிச்சம் இருக்கிற எல்லாமே நெட்டைத்தண்டுதான்."